கேபிள் இழுத்துவிட்டது

மார்ச் 4, திங்கள்

காலை ஒன்பதரைக்குத் தூத்துக்குடியிலிருந்து கிளம்பினோம். போன பயணத்தில் மூன்று நாள் வாந்தியிலேயே போனதால் இந்த முறை நேற்றே மாத்திரையை ஆரம்பித்துவிட்டேன். என் அறை கீழ்த்தளத்தில். ஜன்னல் இல்லை. மேல்படுக்கையில் யாரும் இல்லாததால் அதில் பெட்டியை வைத்துக் கயிறு கட்டியாயிற்று.

நடுக்கடல் முகட்டுக்குப் போய்ச் சேர ஐந்து நாள் ஆகும். முகடு என்பது கடலுக்கு அடியில் நீளமாகக் கிடக்கும் மலைத்தொடர். அங்கே சில இடங்களில் தரை பிளந்து வெந்நீர் பீறிடுகிறது. கிட்டத்தட்ட மூவாயிரம் மீட்டர் ஆழம், முந்நூறு டிகிரிக்கு மேல் சூடு. ஆள் இறங்குவதில்லை. கேபிளில் கட்டி ஓர் இயந்திரத்தை இறக்குகிறோம். அதற்கு நீளமான பெயர் உண்டு. கப்பலில் எல்லோருக்கும் அது வண்டி. மேலே அறையில் உட்கார்ந்து அதை ஓட்டுவது என் வேலை. பதினோரு வருடமாக ஓட்டுகிறேன். இன்னொரு ஓட்டுநர் ஹரீந்திரன், கொல்லத்துக்காரர். அவருக்கு இது இரண்டாவது பயணம்தான்.

தலைமை விஞ்ஞானி மைதிலி மேடம். வருகிற ஜூனில் ஓய்வு பெறுகிறார். பத்து வருடத்துக்கு முன் இதே முகட்டில், கப்பலுக்குப் பின்னால் இழுத்துப்போன கேமரா எடுத்த ஒரு மங்கல் படத்தில், பாறையில் காம்பு ஊன்றி நிற்கும் ஜெல்லிமீன் ஒன்றைப் பார்த்ததாக எழுதினார். அது கடற்பஞ்சு என்று மற்றவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு முறை வந்து தேடிக் கிடைக்காமல் திரும்பினார். இது மூன்றாவது. "கிடைக்கலைன்னா வீட்டுல போய்த் தொட்டியில தங்கமீன் வளர்க்கறேன்" என்று சாப்பாட்டு மேசையில் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

மார்ச் 8, வெள்ளி

கடல் தட்டையாகக் கிடக்கிறது. வண்டியின் விளக்குகளைச் சோதித்தோம். ஒன்று எரியவில்லை, மாற்றினோம்.

மதியம் மேல்தளத்தில் ரொசாரி அண்ணாச்சியோடு கேபிளைச் சரிபார்த்தேன். ரொசாரி பர்னாந்து, ஐம்பத்தாறு வயது, தூத்துக்குடிக்காரர். கேபிளை இறக்கி ஏற்றும் விஞ்சு அவர் கையில். வண்டி கீழே இருக்கும்போது அலையில் கப்பல் ஏறி இறங்குவதைப் பார்த்துப் பார்த்துக் கேபிளை விட்டுப் பிடிக்க வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் பயணத்திலிருந்து என் வண்டியை அவர்தான் இறக்குகிறார்.

இன்று ஒன்று சொன்னார்.

"கோமதிம்மா, ஒங்ககிட்டதான் சொல்லுதேன். இந்த வலது கை இருக்குல்லா, நாலஞ்சு மாசமா லேசா ஆடுது. எப்பவும் இல்ல. காலைல எந்திரிச்சதும் கொஞ்சம், அசதியா இருந்தா கொஞ்சம். லிவரப் புடிச்சா நின்னுருது."

டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டேன்.

"காட்டினா எழுதிருவாங்கள்லா. ரிட்டயராவ இன்னும் ரெண்டு வருசம். அதுக்கப்புறம் ஆடட்டும், என்ன இப்ப."

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றேன்.

மார்ச் 10, ஞாயிறு

கிடைத்துவிட்டது.

வண்டியை இறக்கிய முதல் டைவில் ஐந்து மணி நேரம் தேடினோம். நான் இரண்டரை மணி, ஹரீந்திரன் இரண்டரை மணி. கறுப்பாகக் கொப்பளிக்கும் புகைபோக்கிகள், வெள்ளை இறால் கூட்டம், நத்தைகள். அதெல்லாம் ஏற்கெனவே பார்த்ததுதான். மூன்று ஆள் உயரப் புகைபோக்கி ஒன்றைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனபோது அதன் அடியில் ஒரு பாறைத் திட்டு. திட்டு முழுவதும் வெள்ளையாக என்னவோ. ஹரீந்திரன் விளக்கைத் தாழ்த்தினார். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். காற்றில் மேல்நோக்கி மடங்கிய குடை மாதிரி, காம்பு கீழே பாறையில், வாய் மேலே. விளிம்பில் எட்டுக் கை. ஒவ்வொரு கை நுனியிலும் குண்டூசித் தலைகள் போலக் கொத்தாகக் கொடுக்குகள். நாங்கள் பார்க்கப் பார்க்க ஒன்று கைகளைச் சுருட்டி மூடிக்கொண்டது. பிறகு மெதுவாக விரிந்தது.

மைதிலி மேடம் எண்ண ஆரம்பித்தார். மூன்று முறை எண்ணினார். நாற்பத்து மூன்று. பிறகு கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தார், ரொம்ப நேரம்.

அவை ஏன் அந்த ஒரே திட்டில் இருக்கின்றன என்று கேட்டேன். "இந்தப் பக்கம் ஒரு அடி தள்ளினா வெந்துடும் கோமதி. அந்தப் பக்கம் ஒரு அடி தள்ளினா குளிரு, பட்டினி. வெதுவெதுன்னு தண்ணி கசியற அந்த ஓரம்தான் அதுங்களுக்கு ஊரு."

ஒன்றைப் பிடித்து மேலே கொண்டுவர அனுமதி இருக்கிறது. உடல் கையில் இருந்தால்தான் புதிய இனம் என்று பெயர் வைக்க முடியும். இன்றே எடுத்துவிடலாமா என்று ஹரீந்திரன் கேட்டார். மேடம் வேண்டாம் என்றார். முதலில் தொந்தரவு செய்யாமல் இரண்டு டைவ் படமெடுப்போம், எப்படி வாழ்கின்றன என்று பார்ப்போம், மூன்றாவதில் ஒன்றே ஒன்று.

மார்ச் 11, திங்கள்

ஓய்வு நாள். துணி துவைத்தேன். உலர்த்தும் இயந்திரம் கெட்டுவிட்டதால் அறைக்குள் கயிறு கட்டிக் காயப்போட்டிருக்கிறேன்.

இரவுச் சாப்பாட்டின்போது ஹரீந்திரன் எடுத்த படம் ஒன்றைப் பெரிதாகத் திரையில் போட்டார்கள். விரிந்த ஜெல்லிமீன், உள்ளே சிவப்பாக ஏதோ இரை. கைதட்டல். "எனக்கு இந்த ஒரு படம் போதும்" என்றார் மைதிலி மேடம். நல்ல படம்தான். வண்டி கொஞ்சம் இன்னும் நெருங்கியிருந்தால் கொடுக்குகள் தெளிவாக வந்திருக்கும்.

மார்ச் 12, செவ்வாய்

இரண்டாவது டைவ். ஆறு மணிக்கு இறக்கினோம், எட்டே காலுக்கு அடியைத் தொட்டது. பதினொன்று பத்துக்குக் கேபிள் இழுத்துவிட்டது. வண்டி புகைபோக்கியில் இடித்தது. புகைபோக்கி சரிந்து கீழே திட்டின் மேல் விழுந்தது. திரை முழுவதும் கறுப்பு. கலங்கல் அடங்க நாற்பது நிமிடம் ஆயிற்று. அடங்கிய பிறகு திட்டு இல்லை. கல் குவியல்தான் இருந்தது. குவியலின் இடுக்கிலிருந்து வெந்நீர் வந்துகொண்டிருந்தது.

"என்ன ஆச்சு?" என்று மைதிலி மேடம் கேட்டார். அவர் அப்போது படக்கேமராவின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேபிள் இழுத்துடுச்சு மேடம்" என்றேன்.



மார்ச் 13, புதன்

காற்று அதிகம். டைவ் இல்லை. வண்டியின் முன்சட்டத்தில் இரண்டு இடத்தில் நெளிவு, சுத்தியலால் நிமிர்த்தினோம்.

மார்ச் 14, வியாழன்

காலையில் நான் வண்டிக்கு அடியில் படுத்து போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தபோது ரொசாரி அண்ணாச்சி வந்து பக்கத்தில் குந்தினார். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை, முழங்கால் மட்டும் தெரிந்தது. அதனால் சொல்வது அவருக்கும் சுலபமாக இருந்திருக்கலாம்.

"கோமதிம்மா, அன்னைக்கு லிவர் நின்ன எடத்துலதான் நின்னுச்சுன்னு நான் நெனச்சிட்டு இருந்தேன். ஆனா நீங்க கீழ பாத்துருக்கீங்க. இழுத்திருக்கும். கை ஆடியிருக்கும், எனக்கே தெரியாம."

நான் போல்ட்டை முடுக்கினேன். அது ஏற்கெனவே இறுகியிருந்தது.

"கேப்டன் எல்லாரையும் கூப்புட்டுக் கேட்டாருல்லா. நீங்க என் கையப் பத்தி ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே என்னய எறக்கி விட்டுருப்பாங்க. சொல்லல. அத நான் மறக்க மாட்டேன்."

போல்ட் முடுக்கும் சாவியை எடுத்துத் தர முடியுமா என்று கேட்டேன். பதினேழாம் நம்பர் சாவி. எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

மார்ச் 15, வெள்ளி

தலைவலி. மாத்திரை போட்டேன். இட்லி சாம்பார்.

மார்ச் 16, சனி

ரொசாரி அண்ணாச்சி தானாகவே கேப்டனிடம் போய்க் கை நடுங்குவதைச் சொல்லிவிட்டார். கப்பல் டாக்டர் பார்த்தார். விஞ்சிலிருந்து எடுத்துவிட்டார்கள். கைப்பிடிக் கம்பிகளில் துரு சுரண்டிப் பெயின்ட் அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

கேபிள் இழுக்கவில்லை.

நான்கு நாளாக இந்த நோட்டிலும் அதையே எழுதிவைத்திருக்கிறேன், யார் படிக்கப்போகிறார்கள் என்று. நடந்தது இதுதான். இரண்டு மீட்டருக்கு மேல் நெருங்காதே என்று மேடம் சொல்லியிருந்தார். வண்டியை ஒரே இடத்தில் நிறுத்திவைக்கும் அமைப்பு ஒன்று உண்டு. அது இருந்தால் அவ்வளவு நெருங்க விடாது. அதை அணைத்தேன். ஹரீந்திரன் படத்தைவிட நல்ல படம் எனக்கு வேண்டும். பதினோரு வருடம் ஓட்டியவள் நான். ஜாய்ஸ்டிக்கை ஒரு விரல் முன்னால் தள்ளினேன். அவ்வளவுதான் தள்ளினேன். வண்டியின் மேல்முனை புகைபோக்கியில் உரசியது. அது பார்க்கத்தான் தூண், தொட்டால் உதிர்கிற சாம்பல்.

மேடம் கேட்டதும் அந்த வார்த்தை வாயிலிருந்து வந்துவிட்டது. யோசித்துச் சொன்னதில்லை. விஞ்சில் யார் இருக்கிறார் என்றுகூட அந்த நொடியில் எனக்கு நினைவில்லை.

இதுவும் பொய். நினைவிருந்தது. அவர் கை நடுங்குவதும் நினைவிருந்தது.

மார்ச் 18, திங்கள்

மைதிலி மேடம் விபத்து அறிக்கை எழுத ஆரம்பித்திருக்கிறார். என்னைக் கூப்பிட்டார்.

"கேபிள்ல எவ்வளவு இழுப்பு இருந்ததுன்னு வண்டியோட கம்ப்யூட்டர்ல பதிவாகும் இல்ல?"

"ஆகும் மேடம்."

"எனக்குக் கொடுத்துடு. அவர் பாவம், தானா ஒத்துக்கிட்டாரு. இருந்தாலும் அறிக்கைன்னா நம்பர் வேணும்."

எடுத்துத் தருகிறேன் என்றேன். மேடம் முன்னைவிட மெலிவாகத் தெரிந்தார். முதல் டைவின் படங்களைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார் என்று ஹரீந்திரன் சொன்னார். படம் இருக்கிறது, உடல் இல்லை. உடல் இல்லாமல் பெயர் வைக்க முடியாது.

மார்ச் 19, செவ்வாய்

பதிவை எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டாம் தேதி, பதினொன்று ஐந்திலிருந்து பதினொன்று பதினைந்துவரை. கோடு போட்ட மாதிரி நேராக இருக்கிறது. எந்த இழுப்பும் இல்லை. அண்ணாச்சியின் கை அந்தப் பத்து நிமிடமும் துளி ஆடவில்லை.

அந்தக் கோப்பு என் பொறுப்பில்தான் இருக்கிறது. கெட்டுப்போய்விட்டது என்றால் நம்புவார்கள். முன்பு இரண்டு முறை உண்மையாகவே கெட்டிருக்கிறது.

மார்ச் 20, புதன்

கோப்பை அழிக்கவில்லை. கொடுக்கவும் இல்லை. மேடம் கேட்டதற்கு, கம்ப்யூட்டர் ஏதோ தகராறு, நாளைக்குத் தருகிறேன் என்றேன்.

சாயங்காலம் தேநீர் எடுக்கப் போனேன். கூடத்தில் ரொசாரி அண்ணாச்சி மட்டும் இருந்தார். டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, வலது கையை நீட்டி அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. கப்பல் ஆடியதில் கொஞ்சம் சிந்தியது. துடைத்துவிட்டு மறுபடி நிரப்பினார். என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டார்.

"நிக்குது கோமதிம்மா. இப்ப நல்லா நிக்குது. அன்னைக்கு மட்டும் என்ன கேடு வந்துச்சுன்னு தெரியல."

தேநீர் எடுக்காமல் வந்துவிட்டேன்.

மார்ச் 21, வியாழன்

காலை ஏழு மணிக்கு மைதிலி மேடம் அறைக்குப் போனேன். பதிவை அச்செடுத்துக் கையில் கொடுத்தேன். அவர் பார்த்தார். கோடு நேராக இருப்பதைப் பார்த்தார். நான் சொன்னேன். எதை அணைத்தேன், எவ்வளவு தள்ளினேன், எதற்காக என்பது உட்பட. படத்தைப் பற்றிச் சொன்னபோதுதான் தலை நிமிர்ந்தார்.

"கைதட்டினதுக்கா?"

"ஆமா மேடம்."

தாளை மடித்து மேசையில் வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னிக்கே ஒண்ணை எடுத்திருக்கலாம். நான்தான் வேண்டாம்னேன்" என்றார். பிறகு, "ரொசாரிகிட்ட சொன்னியா?"

"இன்னும் இல்ல."

"அப்ப ஏன் இங்க நின்னுட்டிருக்கே?"

அண்ணாச்சி பின்தளத்தில் கம்பியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. நின்றபடியே சொன்னேன். நடுவில் அவர் சுரண்டியை நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகுதான் நிறுத்தினார்.

"இழுக்கவே இல்லையா?"

"இல்ல அண்ணாச்சி. துளி இல்ல. பதிவு இருக்கு."

துருத்தூளைக் கையால் தட்டிவிட்டார். வலது கையைத் திருப்பிப் பார்த்தார்.

"முப்பது வருசம் எறக்கியிருக்கேன். ஒரு சாமானையும் ஒரு எடத்துலயும் மோதினதில்ல. ஒம்பது நாளா அந்த முப்பது வருசமும் பொய்தானோன்னு நெனச்சிட்டுக் கெடக்கேன்."

"கேப்டன்கிட்ட இப்பவே போய்ச் சொல்லுதேன்" என்றேன்.

"என்னன்னு சொல்லுவீங்க? என் கை ஆடலன்னா? ஆடுதுல்லா. நானே வாயால சொல்லிட்டேன். டாக்டரு எழுதியாச்சு. இனி எந்தக் கப்பல்லயும் விஞ்சத் தொட விடமாட்டாங்க."

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க. நான் இந்தக் கம்பிய முடிக்கணும்."

பிறகு கேப்டனிடம் போனேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன். வண்டி ஓட்டுவதிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். கரைக்குப் போனதும் விசாரணை. ரொசாரி அண்ணாச்சி விஷயத்தில் டாக்டரின் முடிவை மாற்ற முடியாது என்றார் கேப்டன்.

மார்ச் 23, சனி

கடைசி டைவ். ஹரீந்திரன் ஓட்டினார். குறிப்பெடுக்கும் நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னார் மைதிலி மேடம். "நீ பாக்கணும்" என்றார். ரொசாரி அண்ணாச்சியையும் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். இத்தனை வருடத்தில் அவர் அந்த அறைக்குள் வந்ததில்லை. வண்டி கீழே இருக்கும்போதெல்லாம் அவர் மேலே விஞ்சில் இருக்க வேண்டியவர். என் பின்னால் நின்றார்.

கல் குவியல் அப்படியே இருந்தது. அதன் மேல் ஏற்கெனவே இறால்கள் வந்துவிட்டன. நாற்பத்து மூன்றில் ஒன்றின் அடையாளமும் இல்லை. ஹரீந்திரன் நான்கு மீட்டர் தள்ளியே நின்று மெதுவாகச் சுற்றினார். ஒரு மணி நேரம் இப்படியே போயிற்று.

குவியலின் மறுபக்கம், பாறை வெடிப்புக்குள், மூன்று இருந்தன. இரண்டு சிறியவை. ஒன்றுக்கு மூன்று கைகள் பிய்ந்து போயிருந்தன. மூன்றும் கசிவு நீரில் அசைந்துகொண்டிருந்தன. முன்பே அங்கே இருந்தவையா, திட்டிலிருந்து எப்படியோ தப்பி நகர்ந்தவையா, தெரியாது.

"இதுவா?" என்றார் ரொசாரி அண்ணாச்சி. "நம்ம கடல்ல சொறிமீனு மிதந்துட்டுல்லா கெடக்கும். இது நிக்குது."

"ஆமாங்க. இது நிக்கற வகை" என்றார் மேடம்.

ஹரீந்திரன் இயந்திரக் கையைத் தயார்செய்தார். ஒன்றை எடுக்க அனுமதி இருக்கிறது. பத்து வருடம். ஜூனில் ஓய்வு. எல்லோரும் மேடத்தைப் பார்த்தோம். அவர் திரையருகே போய்க் கிட்டத்தில் பார்த்தார்.

"மூணுதான் இருக்கு. எடுக்க வேணாம். ஏத்துங்க வண்டிய."

ஹரீந்திரன் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். மேடம் கேட்காமல் வெளியே போய்விட்டார். நேரத்தையும் ஆழத்தையும் எழுதிக் கீழே 'மாதிரி: எடுக்கப்படவில்லை' என்று எழுதினேன். காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் என் பெயரை எழுதினேன். மேடம் அதைப் பிறகு அடித்துவிட்டு, 'எண்ணிக்கை குறைவு' என்று திருத்தினார்.

மார்ச் 26, செவ்வாய்

திரும்பிக்கொண்டிருக்கிறோம். எதிர்க்காற்று. ஹரீந்திரன் என்னோடு பேசுகிறார், வேலைப் பேச்சு மட்டும். அறிக்கையின் படியை மேடம் காட்டினார். நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறார், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. கையெழுத்துப் போட்டேன். ரொசாரி அண்ணாச்சி மேல்தளக் கம்பிகள் எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடித்து முடித்துவிட்டார். என்னைப் பார்த்தால் தலையசைக்கிறார். நிற்பதில்லை.

மார்ச் 29, வெள்ளி

பத்தரைக்குத் தூத்துக்குடி. பெட்டியை இறக்கிக்கொண்டு துறைமுக வாசலுக்கு வந்தேன். வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ரொசாரி அண்ணாச்சியும் அவர் மனைவியும் ஆட்டோவுக்கு நின்றிருந்தார்கள். பவுலின் அக்காவை ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன், அவர்கள் மகள் கல்யாணத்தில். என்னைக் கண்டதும் வேகமாக வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"போன்ல சொன்னாவ. அவிய கை விசயத்த நீங்க வெளிய விடாமக் காப்பாத்துனீங்களாமே. வேலை போனாப் போகுது, கூட நின்னு பாத்துக்கிட ஒரு ஆளு இருந்துச்சுல்லா, அது போதும் எனக்கு."

கப்பலிலிருந்து வீட்டுக்குப் போன் ஞாயிறுகளில் மட்டும்தான். அந்தப் போன் பதினேழாம் தேதி ஞாயிறு பேசியதாக இருக்கும். அதற்குப் பிறகு இருபத்து நான்காம் தேதியும் ஒரு ஞாயிறு வந்தது. அப்போதும் அண்ணாச்சி பேசியிருக்கிறார், நான் வரிசையில் அவருக்குப் பின்னால்தான் நின்றேன். அக்காவிடம் மாற்றிச் சொல்லவில்லை. இப்போது அண்ணாச்சி பையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். பஸ் பதினொன்றரைக்கு.

"நான் காப்பாத்தலக்கா" என்றேன். "தப்பு பண்ணினது நான். மோதினது என் கை. பழி அண்ணாச்சி மேல விழுந்துச்சு. ஒம்பது நாளு நான் வாயத் தொறக்கல. அதுக்குள்ள அவிய தானாப் போயி கைய ஒத்துக்கிட்டாவ."

அவர் என் கைகளை உடனே விடவில்லை. கேட்டது புரிய நேரம் ஆனது போல. பிறகு ஒவ்வொன்றாக விட்டார். திரும்பிப் புருஷனைப் பார்த்தார். அவர் ஆமாம் என்பதாகத் தலையசைத்தார். ஆட்டோ ஒன்று வந்து நின்றது, யாரும் அதைக் கவனிக்கவில்லை. பவுலின் அக்கா என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அந்த ஒம்பது நாளு அவிய ஒழுங்காச் சாப்புட்டாவளா?"

எனக்குத் தெரியும். சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் கொட்டுவார். காலையில் கடுங்காபி மட்டும். ஒன்பது நாளும் நான் எதிர்மேசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நான் இட்லி சாம்பார் சாப்பிட்டதைக்கூட இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன், அதை மட்டும் எழுதவில்லை.

"சாப்பிடலக்கா" என்றேன்.